மருமகள் இழுத்த கம்பி

மலைமேல் காற்றாலைகள் சுற்றத் தொடங்கிய மூன்றாம் வருடத்தில் அங்கே குடியிருந்தவர்களின் கால்கள் தரையில் படாமல் போயின. முதலில் ஒரு விரற்கடை, அடுத்த காற்றுக்காலத்தில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். காலை உதைத்து எழும்பினால் மரங்களுக்கு மேலேயும் போகலாம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றாலைகள் செய்த மின்சாரத்தைக் கீழே நகரத்துக்குக் கொண்டுபோக லைன் இல்லை. இருந்த ஒற்றைப் பழைய கம்பி தன்னால் முடிந்த கொஞ்சத்தைக் கொண்டுபோயிற்று. மிச்ச மின்சாரம் போக்கிடமில்லாமல் பாறையில் ஊறி, மண்ணில் ஊறி, கடைசியில் மனிதர்களுக்குள்ளும் ஊறியது. மலையில் பல்பைக் கையில் பிடித்தால் எரிந்தது. ஆடுகள் இருட்டில் மங்கலாக ஒளிர்ந்ததால் ஒன்றும் தொலையவில்லை. செருப்புக்கடைக்காரர் கடையைக் காலிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கீழே நகரத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒரு பல் டாக்டர் இருந்தார். பாதிப் பல்லைத் தோண்டும்போது கரண்ட் போய்விடும். வாயைத் திறந்தபடி நோயாளிகள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்த இருவர் பேசமுடியாத நிலையிலேயே காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். டாக்டரின் மனைவி மலையில் பிறந்தவள், மின்வாரியத்தில் லைன் பிரிவு இன்ஜினியர். அதே வாரியத்தின் தலைமை இன்ஜினியர் டாக்டரின் அப்பா, அதாவது அவளுடைய மாமனார். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் வாரியத்தைத் தவிர வேறு யாரும் மின்கோபுரம் நட முடியாது. மாமனார் மலை லைனுக்கான வரைபடத்தை ஒன்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். சோம்பேறி என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது, அவர் நட்ட கோபுரம் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. ஆனால் அவசரம் என்றால் அவருக்கு ஆகாது. இரும்பு தாமதமாக வந்தால் வரட்டும், கூடுதல் செலவானால் எல்லோர் பில்லிலும் கொஞ்சம் ஏறிவிடும், வேலையைப் பிடுங்கிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? அப்படித்தான் எல்லாம் நடந்தது. ஒருநாள் அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. இனி யார் வேண்டுமானாலும் லைன் போடலாம், போட்டவரே அதற்குச் சொந்தக்காரர். லைனுக்கான ஆண்டு வாடகையை யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு வேலை. சொன்ன தேதி தாண்டினால் நஷ்டம் அவருடையது. அந்தக் கம்பியில் யாருடைய மின்சாரம் வந்தாலும் ஒரே மாதிரி வழிவிட வேண்டும். முதல் டெண்டரே மலை லைனுக்குத்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள். "மாமா, நான் வேலைய விட்டுட்டேன். மலை லைனுக்கு நானும் டெண்டர் போடப் போறேன்."

"யார எதிர்த்து?"

"உங்களத்தான் மாமா."

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, "சரி. அந்த உப்ப இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

அன்றிலிருந்து வீடு இரண்டானது. முன்னறையில் மருமகள் கணக்குப் போட்டாள், மாடியில் மாமனார் கணக்குப் போட்டார். இடையில் டீ கொண்டுபோன டாக்டரிடம் இருவருமே, அங்கே என்ன நடக்கிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்கள். அவர் தன் வாயிலேயே பஞ்சை வைத்துக்கொண்டு படியேறி இறங்கினார்.

அவளிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு வழி இருந்தது. மிதக்கிற மலைக்காரர்கள் கோபுரத்தின் இரும்புக் காலைத் தலையணைபோலத் தூக்கிவிடுவார்கள். கிரேன் வேண்டாம், காட்டை வெட்டிப் பாதை போட வேண்டாம். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருந்தது. லைன் ஓடத் தொடங்கினால் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும், மலைக்காரர்கள் தரைக்கு வந்துவிடுவார்கள். அவள் அதை மறைக்கவில்லை. மேலே போய் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள். ஏணியில்லாமல் பழம் பறித்துப் பழகியவர்கள் தலைகுனிந்தார்கள். மிதந்த பிறகே முட்டிவலி மறந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அவளுடைய அம்மாதான் பேசினாள்.

"நாம இங்க சுகமா மிதக்கிறோம். கீழ ஒருத்தன் பாதி தோண்டின பல்லோட உக்காந்திருக்கான். ரெண்டும் ஒரே கரண்டுதானே? கம்பிய இழுங்கடி."

டெண்டர் திறந்த நாளில் தலைநகரத்துக் கம்பெனி ஒன்று ஹெலிகாப்டர் செலவையெல்லாம் சேர்த்துப் பெரிய தொகை கேட்டிருந்தது. வாரியம் தன் சரித்திரத்திலேயே கேட்டிராத குறைந்த தொகையைக் கேட்டிருந்தது. மாமனார் முதல் முறையாக ஒவ்வொரு ஆணியையும் இரண்டு தடவை யோசித்திருந்தார். மருமகள் அதைவிடக் குறைத்துக் கேட்டிருந்தாள். பெயர் படிக்கப்பட்டதும் மாமனார் எழுந்தார், ஆபீஸ் காரில் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தார், மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று இரவு மருமகள் அவருக்குச் சோறு போட்டு மாடிக்கு எடுத்துப்போனாள். கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு வந்தாள். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

கோபுரங்கள் எழும்பின. மலைக்காரர்கள் மரங்களின் உச்சியை உரசியபடி இரும்பைச் சுமந்து வந்தார்கள். உச்சியில் போல்ட் முடுக்கிய சித்திகளும் அத்தைகளும் அங்கேயே மிதந்தபடி மதியச் சாப்பாட்டை முடித்து ஊர்வம்பும் பேசினார்கள். ஒரு மரமும் விழவில்லை. ஆனால் சட்டப்படி, லைனைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டியது வாரியம், சோதிக்க வேண்டியவர் மாமனார். அவர் நினைத்தால் இழுத்தடிக்கலாம் என்று ஊரே பேசிக்கொண்டது. அவரோ சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார், தளர்ந்திருந்த ஒன்றைப் பிரித்துத் திரும்பச் செய்யும்படி தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் மறுபேச்சில்லாமல் செய்தாள். குறித்த தேதிக்கு முன்பே வேலை முடிந்தது.

சுவிட்சைப் போட்டபோது மலைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மெதுவாக இறங்கி, தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றுவிட்டார்கள். அதற்குக் கீழே போகவில்லை. கம்பி வழியே மின்சாரம் மட்டும் போகாமல் மிதப்பும் சேர்ந்தே போயிருந்தது, மேலுக்கும் கீழுக்கும் சரிசமமாகப் பங்கு போட்டதுபோல. நகரத்தில் விளக்குகள் எரிந்தன, தெருவில் நடந்தவர்கள் இரண்டு விரல் எழும்பினார்கள், டாக்டரும் நோயாளியும் நாற்காலியோடு எழும்பினார்கள். பல் தோண்டுவது மட்டும் நிற்கவில்லை. சப்ஸ்டேஷனில் கனத்த உடம்புக்காரரான மாமனார் எல்லோருக்கும் கடைசியாக எழும்பினார். தன் காலடியைக் குனிந்து பார்த்தார். மாதக்கணக்கில் பேசாதவர் அப்போதுதான் பக்கத்தில் நின்ற மருமகளிடம் பேசினார்.

"லைன் உன்னுது. எனக்கு இறங்கத் தெரியல. நீயே இறக்கிவிடு."

அவள் அவர் கையைப் பிடித்தாள். இறங்கத் தேவையில்லை மாமா, அப்படியே நடங்க என்று சொல்லிக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அடுத்த டெண்டரில் வாரியம் அவளை நியாயமாகத் தோற்கடித்தது, லைனையும் பாதிக் காலத்தில் முடித்தது. முடிவைப் படித்தபோது விசிலடித்தது மருமகள்தான். அதற்கடுத்ததை இருவரையும் தோற்கடித்து வேறு யாரோ எடுத்தார்கள். பில் தொகை வருடாவருடம் இறங்கியது. மிதப்பு மட்டும் குறையவில்லை, காற்று பலமாக வீசினால் இரண்டு விரல் மூன்றாகிறது. அதனால் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் உயரத்தைக் காற்றில்லாத நாளில்தான் அளக்கிறார்கள்.