முப்பத்தொரு இடமும் ஒரு வரியும்

இருபத்துநாலு வருஷம் மூட்டை தூக்கிய முதுகு ஒரு நாள் கையை விரித்துவிட்டது. ஐந்து கிலோவுக்கு மேல் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கிடங்கு மேனேஜர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, லோடு அனுப்பும் மேசையில் என்னை உட்காரவைத்தார். ஒரு சக்கரம் இல்லாத நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர்.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்தேழு வயதில், மாலை வகுப்பில். படித்துவிடுவேன், ஆனால் விரல் வைத்துத்தான். அந்தத் திரையிலோ வெள்ளையில் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எங்கள் கிடங்கில் பெயின்ட் டிரம்களும் சுண்ணாம்பு மூட்டைகளும். தரம் பார்த்து முடியாத லோடுகளுக்கு ‘நிறுத்தி வை’ என்று வரும். அந்த வரிசை மட்டும் வெளிர் மஞ்சளாக இருக்குமாம். எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. பத்து நாளில் நிறுத்த வேண்டிய லோடு இரண்டை அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா உங்களை மறுபடி மூட்டைக்குத்தான் அனுப்பணும். வேற இடம் எங்கிட்ட இல்லை” என்றார். மூட்டைக்குப் போனால் என் முதுகு ஒரு வாரம் தாங்காது என்பது அவருக்கும் தெரியும்.

அன்றே என் மனைவி அவள் தங்கைக்குப் போன் போட்டாள். மச்சினிக்குக் கம்ப்யூட்டர் வேலை. சாஃப்ட்வேருக்கு உடுப்பு தைக்கிறவள் என்று என் மனைவி சொல்வாள். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி எல்லாம் இவள் தைப்பது. அதற்குத் தீம் என்று பெயர். மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தாள். திரையைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“அத்தான், இது திரையா, வெளுத்துப் போட்ட துணியா? இதுல படிச்சதுக்கே உங்களுக்கு மாலை போடணும்.”

“மாலை அப்புறம் போடு. முதல்ல வேலையைக் காப்பாத்து.”

“தூரத்துல இருந்தே உங்களுக்குச் சட்டுன்னு தெரியற நிறம் சொல்லுங்க.”

“தார்ப்பாய் நீலம். சாக்கு. கரி.”

“எங்க அக்கா புடவை நிறம் தெரியாதா?”

“அது கிட்ட வந்தாத்தான் தெரியும். தூரத்துல சத்தம்தான் கேக்கும்.”

சிரித்துக்கொண்டே போய், லாரி மேல் கிடந்த தார்ப்பாயையும் மூலையில் கிடந்த சாக்கையும் போனில் படம் பிடித்துவந்தாள். படத்திலிருந்து நிறத்தை எடுத்து ஒரு சின்ன ஃபைலில் எழுதினாள். நான் வாசிக்க வேண்டும் என்று பெயர்களைத் தமிழிலேயே வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டாலர் குறி. தார்ப்பாய், சாக்கு, கரி, நிறுத்தம். அதற்குக் கீழே, எந்த இடத்துக்கு எந்தப் பெயர் என்று அறுபது எழுபது வரிகள். பிறகு ‘மாற்றி’ என்று ஒரு பொத்தானை அழுத்தினாள். அது ஆயிரம் வரிக்கு மேல் ஒரு நீளமான ஃபைலைத் தானாக எழுதித் தந்தது. சாஃப்ட்வேர் படிப்பது அதைத்தான். திரை நீலமாகி, எழுத்து என் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்து நின்றது. ‘நிறுத்தி வை’ வரிசைகள் சாக்கு நிறம். விரல் வைக்காமல் படித்தேன். இப்படி ஒரு சுத்தமான வேலையை நான் கண்ணெதிரே பார்த்ததில்லை.

புதன்கிழமை பிற்பகல்தான் ஒரு குறை தெரிந்தது. ஷட்டர் வழியாக வெயில் திரையில் விழுந்தால் சாக்கு நிறம் செத்துப்போகிறது. இதற்கும் அவளைக் கூப்பிடுவதா என்று கூச்சம். நீளமான ஃபைலைத் திறந்தேன். அதில் பெயர் இல்லை, சின்ன ஃபைலில் பெயருக்கு எதிரே இருக்கும் நிறத்தின் எண்தான். சாக்கு நிறத்தின் எண் வருகிற இடமாகத் தேடித் தேடிக் கரியின் எண்ணைப் போட்டேன், எழுத்துக்கு வெள்ளை போட்டேன். முப்பத்தொரு இடம். இரண்டு மணி நேரம் ஆனது. கருப்பு வரிசைகள் பளிச்சென்று வந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒட்டகம் (கழுத்து அப்படி) எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இஞ்சினியர் ஆயிட்டீங்க போலிருக்கே” என்றான். அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை நான் சாப்பிடப் போன நேரத்தில் மச்சினி வந்து, பொத்தான்களைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு அவசரமாகத் திரும்பிப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அன்று மேகமூட்டமாக இருந்தது, நிறுத்திய லோடு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. நல்ல வெயில். நாலாம் வாசலில் லாரி, டிரைவர் ஹாரனை விடுவதாக இல்லை. பின்னால் மேனேஜர். பட்டியலில் கருப்பு வரிசை ஒன்றுகூட இல்லை. ‘அனுப்பு’ பொத்தானுக்குக் கை போய்விட்டது. காலையில் தரம் பார்க்கிற அம்மா மூன்று லோடை நிறுத்தச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்றும் எங்கே?

“ரெண்டு நிமிஷம் சார்” என்று சொல்லிவிட்டு மச்சினிக்குப் போன் போட்டு, கருப்பு வரிசையைக் காணோம் என்றேன்.

“கருப்பா? அந்த வரிசைக்கு நான் கருப்பே போடலையே அத்தான். எந்த ஃபைல்ல கை வச்சீங்க?”

“நீளமானதுல.”

“அய்யோ! அதோட தலையில என்ன எழுதியிருக்கேன், படிங்க.”

படித்தேன். ‘அத்தான், இதில் கை வைக்காதீர்கள். இதை எழுதியது மாற்றி. அடுத்த முறை ஓட்டினால் நீங்கள் செய்தது எல்லாம் போய்விடும்.’ முதல் வரியே அதுதான். நான் தேடிய எண் கீழே இருந்ததால் நேரே கீழே போயிருந்தேன்.

“நேத்து பொத்தானைப் பெருசாக்க நான் மாற்றியை ஓட்டினேன், எல்லாம் போயிடுச்சு. சின்ன ஃபைலைத் திறங்க. நாலாவது வரி.”

‘$நிறுத்தம்: $சாக்கு’ என்று இருந்தது. சாக்கை அழித்துக் கரி என்று போட்டேன். இரண்டே எழுத்து.

“கருப்பு மேல கருப்பா எழுத்து வருமே?”

“அதெல்லாம் வராது. ஓட்டுங்க.”

மாற்றியை ஓட்டினேன். மூன்று வரிசைகள் கன்னங்கரேலென்று வந்தன, மேலே எழுத்து பால் மாதிரி. பின்னணி இருட்டினால் எழுத்து வெளுக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையே எழுதிவைத்திருக்கிறாள். நான் முப்பத்தொரு இடத்தில் தொட்டும் விட்டுப்போன ஓரக்கோடுகள்கூட மாறியிருந்தன. நான் கேட்காததையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

“அத்தான், இருக்கீங்களா?”

“இருக்கேன் தாயே.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். கருப்பில் இருந்த நடு வரிசை நாலாம் வாசல் லோடு. வாசலுக்குப் போய், “வண்டியைப் பின்னால எடுப்பா, இன்னைக்கு இது போகாது” என்றார். திரும்பி வந்து வெயிலில் நின்றபடியே அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு என் நாற்காலியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இதுக்கு ஒரு சக்கரம் இல்லையே. திங்கக்கிழமை வந்ததும் ஸ்டோர்ல சொல்லி மாத்திக்குங்க.”