விலை கேட்டவர்களுக்கு மட்டும் தெரிந்த வீடு

நோய் வந்த கோடையில், இசிக்-குல் ஏரிக்கரையில் உள்ள பாலிக்சி ஊரின் ரயில்வே தெருக் கடைசி வீட்டுச் சுவர்கள், அந்த வீட்டை வாங்க வந்தவர்களின் கண்ணுக்கு மட்டும் கண்ணாடியாயின. அதே வாரம், காய்ச்சலுக்கு நல்லதென்று எல்லோரும் வாங்கியதில், எலுமிச்சம்பழம் விலை நாலு மடங்கு ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான்.

வீடு சைராகுலுடையது. அவள் கணவன் ஷர்ஷென் ரயில் நிலையத்தில் பெட்டிகளைக் கோக்கும் வேலை பார்த்தவர். வலது கையின் இரண்டு விரல்களை அந்த வேலைக்கே கொடுத்துவிட்டு, மிச்ச விரல்களோடு ஓய்வு பெற்றார். ஜூலையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸில் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்தது கறுப்பு உறையில் சுற்றிய உடல். அதுவும் வீட்டுக்கு வரவில்லை, நேரே இடுகாட்டுக்குப் போனது. வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் புதைத்தார்கள். சைராகுல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கதையில் அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த முகத்தை ஒருமுறை பார்ப்பது ஒன்றுதான்.

வழக்கப்படி நடந்திருந்தால், முற்றத்தில் கூடாரம் அடித்து உடலைக் கிடத்தியிருப்பார்கள். மனைவி உள்ளே வாசலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். ஆண்கள் தெருமுனையிலிருந்தே ஓவென்று அழுதுகொண்டு வருவார்கள். அந்தக் கோடையில் கூடாரம் கூடாது, கூட்டம் கூடாது. ஆகவே சைராகுல் தன் வீட்டுக்குள்ளேயே தன்னந்தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவருடைய குணங்களையெல்லாம் அடுக்கிப் பாடி அழுதாள். ஆண்கள் ஒவ்வொருவராக வேலிக்கு வெளியே நின்று, முகக்கவசத்துக்குள்ளேயே அழுதுவிட்டுப் போனார்கள். வந்தது யார், போனது யார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மகன் கெஞ்சேபெக் தினமும் போன் செய்தான். "தனியாக் கிடந்து சொவத்தப் பாத்துக்கிட்டு என்னம்மா பண்ணப்போற? வித்துட்டு இங்க வந்துரு." வருஷத் திதி கொடுக்காமல் செத்தவர் வீட்டை விற்பது அழகல்ல என்று தெருவில் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சரி என்றாள்.

தரகர் ஜிபாரா கெட்டிக்காரி. ஊரில் பாதி வீடுகள் அவள் வாய்வழியாகவே கைமாறியிருந்தன. நோய்க்காலத்துக்கென்று அவள் தனிச் சட்டம் வைத்திருந்தாள்: யாரும் வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது, தெருவில் சுண்ணாம்புக் கோடு, அதைத் தாண்டக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு குடும்பம், சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வோட்கா ஊற்றிய கிண்ணத்தின் வழியாகத்தான் போக வேண்டும். "வீடு எங்கயும் ஓடிடாது, உயிருதான் ஓடிடும்" என்று வேலிக்கு மேலாகக் கத்துவாள். உள்ளே பார்க்காமல் எவன் வாங்குவான் என்ற கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. வீடே பதில் சொல்லிவிட்டது. கோச்கோரிலிருந்து வந்த தம்பதி கோட்டில் போய் நின்றதும், வெள்ளையடித்த சுவர் ஏரித் தண்ணீர் போலத் தெளிந்தது. அடுப்பு தெரிந்தது, அடுக்கி வைத்த மெத்தைகள் தெரிந்தன. அலமாரியை நகர்த்தி சைராகுல் மறைத்து வைத்திருந்த ஈரக்கறைகூடத் தெரிந்தது. தம்பதிக்கு வீடு பிடித்துப்போயிற்று.

"எல்லாம் சரிதான்க்கா," என்றான் அந்தக் கணவன். "நடுவீட்டுல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரே, அவரும் வீட்டோட சேத்தியா?"

"யாரு பெரியவரு?" என்றாள் வாசலில் நின்ற சைராகுல்.

"கட்டம்போட்ட சட்டை. வலது கையில ரெண்டு விரல் இல்ல. டீ குடிச்சிக்கிட்டிருக்காரு."

சைராகுல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து கோட்டில் நின்று பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது வெள்ளைச் சுவர். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். நடுவீட்டில் விரிப்புதான் இருந்தது. தம்பதி கும்பிடு போட்டுவிட்டு அடுத்த மினிபஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், எவரும் வாங்கவில்லை. சைராகுலுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. விலை பேச வந்தவர்களிடம் அவள் வேறு பேசினாள். மெலிஞ்சிருக்காரா? சவரம் பண்ணியிருக்காரா? இருமுறாரா? கரகோலிலிருந்து வந்த ஒரு பெண், "இருமலெல்லாம் இல்லக்கா, நல்லாத்தான் இருக்காரு" என்றபோது, வேலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுத நாளெல்லாம் முறைப்படி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோமே, ஒருவேளை முதுகுக்குப் பின்னால் அப்போதே வந்து உட்கார்ந்திருந்தாரோ என்ற எண்ணம் அவளைப் பிடுங்கித் தின்றது.

தெருக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாங்குவதுபோல விலை கேட்டுப் பார்த்தார்கள். செங்கலும் சுண்ணாம்பும்தான் தெரிந்தன. எதிர்வீட்டு மீன் வியாபாரி மட்டும் சும்மா அந்தப் பக்கம் வந்தவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காது சிவந்து வீட்டுக்குப் போனான். அந்த வீட்டின் மேல் அவனுக்குப் பத்து வருஷமாகவே ஒரு கண் இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவன் பெண்டாட்டிக்கே தெரிந்தது. உள்ளபடியே ஆசைப்படுகிறவனுக்குத்தான் சுவர் விலகுகிறது என்று ஊர் புரிந்துகொண்டது.

சைராகுலும் புரிந்துகொண்டாள். சொந்த வீட்டை யாரும் வாங்க ஆசைப்பட முடியாது. அன்று மாலையே ஜிபாராவைக் கூப்பிட்டாள். "வர்றவன் என்ன குடுக்குறானோ அதுக்கு முடிச்சிரு."

"ஏன்க்கா, புத்தி கெட்டுப்போச்சா?"

"ஆமா. முடிச்சிரு."

நாரின் ஊர்ப் பாதையில் லாரி ஓட்டும் சோவெத்பெக் வந்தான். கோட்டில் நின்று வெகுநேரம் பார்த்தான். "என் பொண்டாட்டியும் போனா, அண்ணனும் போனான்," என்றான். "ரெண்டு பேருல ஒருத்தராவது திரும்பி வருவாங்கன்னு வாசல்ல வெளக்கு வச்சேன். யாரும் வரல. இங்க ஒருத்தர் வந்திருக்காரே, போதும்." செத்தவர் திரும்பி வரும் வீடு எதுவோ அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. விலையைக்கூட அவன் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலி ஓரத்து பெஞ்சில் காகிதங்களை வைத்து, அவரவர் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். சைராகுல் சாவியை வோட்காவில் போட்டாள். சோவெத்பெக் எடுத்துக்கொண்டான். அவள் தெருவைக் கடந்து, கோட்டில் நின்று, திரும்பினாள். இந்த வீடு எனக்கு வேண்டுமே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. சுவர் தெளிந்தது.

ஷர்ஷென் இருந்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. ஆம்புலன்ஸில் ஏறியபோது கலைந்த தலைமுடி அப்படியே கலைந்திருந்தது. ஆனால் அவர் தெருப்பக்கம் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்து அழுத மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் காலியாக இருந்தது. அவள் கூப்பிட்டாள், கைதட்டினாள், ஓடிப்போய் வேலியை உலுக்கினாள். அவர் அந்த மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் உள்ளே இருந்த நாளெல்லாம் அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் துக்கத்தை நான் அளந்து சொல்ல முடியாது. மகன் வந்து கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான்.

நோய் போயிற்று. முகக்கவசங்கள் போயின. சுண்ணாம்புக் கோட்டை ஊர்க்காற்று அழித்தது. சைராகுல் மாதம் ஒருமுறை பிஷ்கெக்கிலிருந்து வந்து, வாங்க வந்தவர்கள் நிற்கும் இடத்தில் நின்று விலை கேட்பாள். சோவெத்பெக் அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போடுவான். வீட்டுக்காரன் ஆனபின் அவனுக்கும் பெரியவர் தெரிவதில்லை. ஆனால் காலையில் அவருக்கென்று வைக்கும் தேநீர் மதியத்துக்குள் குறைந்திருக்கும். அவரைப் பற்றி அவள்தான் அவனுக்குச் சொல்வாள். இன்னிக்குச் சட்டை மாத்தியிருக்காரு. இன்னிக்குக் கொஞ்சம் வாட்டமா இருக்காரு. எங்க பாக்குறாரு என்று சோவெத்பெக் கேட்பான். அங்கயேதான் என்பாள்.

மனசு கேட்காமல் சோவெத்பெக் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தான். முதல் வருஷம் வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்னான். அடுத்த வருஷம் பாதிக்கு. லாரி ஓட்ட முடியாமல் முழங்கால் போன வருஷம், ஒரு குதிரை கொடுத்தால் போதும் என்றான். போன இலையுதிர்காலத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அக்கா, ஒரே ஒரு ஆடு குடு. உள்ள போ. பாவம், அவரு உன்னத் தேடுறாருக்கா" என்றான்.

சைராகுலிடம் ஆடு வாங்கக் காசு இருந்தது. வீட்டை வாங்கி உள்ளே போனால் அவர் அவளைப் பார்ப்பார். அவள் இனி அவரைப் பார்க்க மாட்டாள். அவள் சுவர் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மினிபஸ் ஹாரன் அடித்தது.

"ஒரு ஆடு அதிகம், தம்பி," என்றாள். "அடுத்த மாசம் வந்து பேசுறேன்."