நிறுத்தாமல் வைத்திருந்த டம்மி போன்

திறந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பஸ்ஸில் போன ஒரே பெண் விஷாகாவாகத்தான் இருக்க வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய கூட்டம் மொத்தமும் அவள் மடியை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற துரை முழங்கையை வளைத்து அதற்கு அரண் கட்டிக்கொண்டு வந்தான். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், உள்ளே ஓடும் டம்மி போன் படுத்துவிடும். படுத்ததை எழுப்புவதற்குள் நிதானமாக ஒரு சாப்பாடு சாப்பிட்டு வரலாம்.

டம்மி போன் என்பது அவர்களாக வைத்த பெயர். அது கணினிக்குள் நிஜப் போனைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள். 2009 டிசம்பரில் செங்கல்பட்டில் ஆண்ட்ராய்டு போனைக் கண்ணால் கண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தப் போனுக்கு அப்ளிகேஷன் எழுதக் கிளம்பிய கிருஷ்ணபிரசாத்தின் கம்பெனியிலேயே ஒன்று கிடையாது. கம்பெனி என்றால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு அறை. முதலாளி அவர், எழுதுவதற்கு விஷாகாவும் துரையும். டம்மி போன் எழுந்திருக்கிற லட்சணத்துக்குப் பயந்து அதை அவர்கள் நிறுத்துவதேயில்லை. ஆயுத பூஜையன்று ஊரே கருவிகளுக்கு ஓய்வு கொடுத்தபோதுகூட, திரையின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து அதை ஓடவிட்டார்கள்.

போகிற காரியம் பெரியது. அமெரிக்காவில் நாட்டியப் பள்ளி நடத்தும் கல்யாணி, நாட்டிய விழாவுக்காக வந்து கடற்கரை ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்தார். பாட்டு மெதுவாக ஓட வேண்டும், பாடுகிறவர் குரல் மட்டும் தடிக்கக் கூடாது. பிள்ளைகள் அடவு பழக அப்படி ஓர் அப்ளிகேஷன் அவருக்கு வேண்டும். அன்று சாயங்காலம் விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார். அதற்குள் அவருடைய ஆண்ட்ராய்டு போனில் ஓடினால் வேலை இவர்களுக்கு, இல்லாவிட்டால் பெங்களூர்க்காரர்களுக்கு.

விஷாகாவுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பொத்தேரியில் படிப்பு முடித்ததும் கிடைத்த சென்னை கம்பெனி வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த மாடி அறைக்கு வந்தவள் அவள். கல்பாக்கத்தில் உத்தியோகம் பார்க்கும் அப்பா பாலசுப்ரமணியன் கத்தவில்லை, கெடு வைத்தார். "யாராவது ஒருத்தர் கையில இருக்கற நிஜப் போன்ல நீ எழுதினது ஓடட்டும், நான் வாயத் திறக்கல. இல்லன்னா திங்கக்கிழமை சென்னையில போய்ச் சேர்ந்துடணும்." அன்றைக்குச் சனிக்கிழமை.

ஓட்டல் வராந்தாவில் கல்யாணியின் போனை லேப்டாப்போடு இணைத்து அப்ளிகேஷனை ஏற்றினாள். தொட்டதும் திரை கறுத்தது, அப்படியே மூடிக்கொண்டது. லைப்ரரி, அதாவது அப்ளிகேஷனுக்குத் துணையாக ஓடும் கோப்பு, கிடைக்கவில்லை என்று லேப்டாப்பில் ஒரு செய்தி வந்து நின்றது.

"எங்க மெஷின்ல நல்லா ஓடுது மேடம்," என்றார் கூடவே வந்திருந்த கிருஷ்ணபிரசாத்.

"அப்ப உங்க மெஷினையும் சேர்த்து நான் ஃபிளைட்ல தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டுவிட்டு கல்யாணி பெட்டி கட்டப் போனார்.

பாட்டைப் பிரித்து நீட்டும் வேலையில் ஜாவா மொழி மூச்சு வாங்கியதால், அந்தப் பகுதியை மட்டும் விஷாகா சி மொழியில் எழுதி, நேட்டிவ் லைப்ரரி என்ற தனிக் கோப்பாக்கி உள்ளே வைத்திருந்தாள். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க இன்னொரு லைப்ரரியும் கூடவே இருந்தது. போனுக்குள் போய்ப் பார்த்தாள். அவள் எழுதியது அங்கேயே இருந்தது, அளவும் சரி. இருக்கிற கோப்பை இல்லவே இல்லை என்று சாதித்தது அந்தப் போன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள், முதலிலிருந்து புதிதாகத் தயாரித்து ஏற்றினாள், பலன் இல்லை. டம்மி போனிலோ, சோதனைக்கு வைத்திருந்த வர்ணப் பாட்டு தேனாக ஓடியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா இது, ஃபைலு அங்கயே குந்திகினு கீது, அத்தப் போயி காணோம்னு சொல்லுது. போனுக்குக் கண்ணு நொள்ளையா?" என்றான் துரை. மதுராந்தகத்துக்காரனுக்குக் கோபம் வந்தால் போன், மனிதன் என்ற பேதம் கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பஸ்ஸில் காலியான பேட்டரி இன்னும் ஏறியிருக்கவில்லை. லேப்டாப் அணைந்தது, மாதக்கணக்காகக் கண்ணுக்குள் வைத்துக் காத்த டம்மி போனும் அதோடு போனது. கிருஷ்ணபிரசாத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டல்காரர்கள் ஜெனரேட்டர் போட்டபின் டம்மி போன் ஆடி அசைந்து எழுந்தது. விஷாகா அப்ளிகேஷனைத் தொட்டாள். திரை கறுத்து மூடிக்கொண்டது. லைப்ரரி கிடைக்கவில்லை என்று அதுவும் சொன்னது.

"இதுவும் பூட்ச்சா? வா, வூட்டுக்குப் போலாம்," என்றான் துரை.

விஷாகா சிரித்தாள். பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கிருஷ்ணபிரசாத் பயந்தே போனார்.

"சார், இங்கயும் ஓடல."

"அதுக்குச் சிரிக்கறியே."

"இவ்ளோ நாள் ஓடினது இப்ப ஓடல. நடுவுல நடந்தது ஒண்ணுதான், அணைஞ்சு எழுந்துது. அணைஞ்சதுல எதைத் தொலைச்சுதுன்னு தெரிஞ்சாப் போதும் சார்."

தொலைத்தது எது என்று சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முன்பு இதே செய்தி டம்மி போனில் வந்தபோது, இப்போதைக்கு இருக்கட்டும் என்று கணக்கு லைப்ரரியின் ஒரு பிரதியை அதன் சிஸ்டம் ஃபோல்டருக்குள் தன் கையாலேயே போட்டிருந்தாள். அங்கே போட்டதையெல்லாம் டம்மி போன் அணையும்போது துடைத்துவிடும். இவர்கள் அணைத்தால்தானே துடைப்பதற்கு. மூன்று பேரும் அணையா விளக்காகக் காத்துவந்ததில் அந்தப் பிரதி பத்திரமாக இருந்தது, போட்டவள் சுத்தமாக மறந்துபோனாள். கல்யாணியின் போனில் அப்படி யாரும் போட்டு வைக்கவில்லை. போன் காணோம் என்று அலறியது அவள் எழுதிய லைப்ரரியை அல்ல, அது நம்பியிருந்த கணக்கு லைப்ரரியை. அதுவும் அப்ளிகேஷனுக்குள் பக்கத்திலேயேதான் இருந்தது. ஆனால் போன் அங்கே தேடாது, தன் சிஸ்டம் ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். எதைக் காணோம் என்று பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மருந்து ஒரே வரி. முதலில் கணக்கு லைப்ரரியை ஏற்று, அதன் பிறகு மற்றதை ஏற்று. முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டால் போன் அதைத் தேடவே வேண்டியதில்லை. வரியைச் சேர்த்தாள். டம்மி போனில் வர்ணம் ஓடியது. துரை கைதட்டி முடிப்பதற்குள் அவளே டம்மி போனை அணைத்தாள்.

"ஏம்மா, கார் வந்து நிக்குது," என்று பதறினார் கிருஷ்ணபிரசாத்.

"இனிமே அணைச்சு எழுப்பாம எதையும் நம்பமாட்டேன் சார்," என்றாள் விஷாகா. அது எழுந்திருக்கும் வரை மூவரும் அதையே முறைத்துக்கொண்டு நின்றார்கள். எழுந்தது. வர்ணம் மறுபடியும் ஓடியது.

கல்யாணி காரில் ஒரு காலை வைத்துவிட்டார். விஷாகா லேப்டாப்போடு ஓடிப்போய் போனை வாங்கி ஏற்றி நீட்டினாள். அவர் நம்பிக்கையில்லாமல்தான் தொட்டார். வர்ணம் கிளம்பியது. வேகத்தைப் பாதியாக்கினார். ஒவ்வொரு ஸ்வரமும் விலகி விலகி நின்றது, குரல் இம்மிகூடத் தடிக்கவில்லை. கல்யாணி காலை காரிலிருந்து எடுத்தார், கைப்பையை டிரைவரிடம் கொடுத்தார், போர்ட்டிகோவிலேயே அந்த வேகத்துக்கு ஓர் அடவு போட்டுப் பார்த்தார்.

"பெங்களூருக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார் கிருஷ்ணபிரசாத்திடம். "வேலை உங்களுக்குத்தான்."

விஷாகா தன் பழைய போனில் அப்பாவைக் கூப்பிட்டு, அதைப் பாட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"என்னம்மா, பாட்டு ஏன் இவ்ளோ மெதுவாப் போகுது?" என்றார் பாலசுப்ரமணியன்.

"மெதுவாப் போறதுதான்பா வேலையே. அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு மேடம் போன்ல ஓடுது."

அந்தப் பக்கத்தில் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். "சென்னை கம்பெனிக்கு நானே பேசிடறேன், நீ வரலைன்னு."