கனமான சங்குகள்

காலைப் பலகாரத்துக்காக ஒருவன் நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டுவான் என்றால் அது தமிழ்மாறனாகத்தான் இருக்கும். ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற அவன், பழைய கார் ஒன்றை வாங்கிய மறுவாரமே மூன்று நாள் பயணத்துக்குத் திட்டம் போட்டுவிட்டான். திட்டத்தில் கோயில் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. சனிக்கிழமை காலை கும்பகோணத்தில் இட்லியும் தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்புக் கடப்பாவும். ஞாயிறு காலை தரங்கம்பாடியில் இட்லியும் முந்தின நாள் மீன்குழம்பும். திங்கள் காலை திரும்பும் வழியில் மாயவரத்தில் பூரிக்கிழங்கு, வயிற்றில் இடமிருந்தால் மறுபடி கும்பகோணத்தில் டிகிரி காப்பி. நடுவில் மிஞ்சுகிற பொழுதுக்குக் கடல் என்று எழுதி வைத்திருந்தான்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். அறிவுச்செல்வன் ஆண்டிமடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். அரியமுத்து, அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற இடத்தில் சீட்டு எழுதுகிறவன். மூவரும் கீழப்பழுவூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆளுக்கொரு திசையில் போன பிறகும் மாதத்துக்கு ஒரு தடவை எங்காவது கூடித் தின்றார்கள். அவர்கள் சிநேகிதத்தில் பேச்சைவிடச் சாப்பாடுதான் அதிகம்.

அரியமுத்துவுக்குப் பயமே அதனால்தான். கொரோனா வந்த வருஷம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். எல்லோருக்கும் போன மாதிரி அவனுக்கும் வாசனை போனது. எல்லோருக்கும் திரும்பி வந்த மாதிரி அவனுக்கு வரவில்லை. வாயில் உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் தெரியும். மற்றபடி மல்லிக் காப்பியும் மாட்டுத் தீவனமும் அவனுக்கு ஒன்றுதான். காய்ச்சல் விட்ட மறுநாள் மனைவி கவிதா ரசம் வைத்துக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ராத்திரி பகல் கண் விழித்துப் பார்த்தவளாயிற்றே என்று, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல் நாலு வருஷமாக வளர்ந்து, இப்போது உண்மையைச் சொன்னால் நாலு வருஷச் சாப்பாட்டுக்கும் பொய் சொன்னவன் ஆகிவிடுவான். தமிழ்மாறனிடம் சொன்னாலோ, மூக்குச் செத்தவனை எதற்குப் பலகாரம் தின்னக் கூட்டிப்போவது என்று அடுத்த தடவை கூப்பிடாமல் விட்டுவிடுவான். திட்டியெல்லாம் விடமாட்டான், பாவப்பட்டே விட்டுவிடுவான்.

அதனால் ஒரு தந்திரம் பழகி வைத்திருந்தான். முதலில் மற்றவர்களைப் பேசவிட வேண்டும், பிறகு அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் தமிழ்மாறன் கடப்பாவைத் தொட்டு ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடி, சோம்பு வாசனை வருகிறதா என்றான். சோம்பு தூக்கலாகத்தான் இருக்கிறது என்று அரியமுத்துவும் கண்ணை மூடினான். காரியம் சுத்தமாக முடிந்தது.

பொறையாறு தாண்டியதும் அறிவுச்செல்வன் கண்ணாடியை இறக்கி, கடல் வாடை வருது பாருங்கடா என்றான். அரியமுத்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். நெஞ்சு நிறையக் காற்று வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. ஆனால் தரங்கம்பாடிக் கோட்டையைத் தாண்டித் திரும்பியதும் அவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாகக் கண்ணில் பட, வாசனையாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது. முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறவன், செருப்பைக் கழற்றாமலே தண்ணீருக்குள் போய் நின்றான். முந்தின நாள் எடைமேடையில் கல் தடுக்கி வலது கால் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது. கட்டு நனையுது, மேலே வாடா சக்கரைக்காரா என்று இரண்டு பேரும் கத்தினார்கள். மத்தியானம் முழுக்க மணலில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். யாருக்கும் போன் வரவில்லை. அறிவுச்செல்வன் பரீட்சைத்தாள் திருத்தாத சந்தோஷத்தில் இரண்டு தடவை காரணமில்லாமல் சிரித்தான்.

சாயங்காலம் அரியமுத்து மகளுக்காகச் சங்கு பொறுக்கப் போனான். சிந்துவுக்கு ஒன்பது வயது. அவர்கள் ஊர்ப் பக்கம் ஓடையிலும் உழுத காட்டிலும் கல்லாய்ப் போன சங்கும் நத்தையும் கிடக்கும். இந்த மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். சிந்து ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள். “நம்மூர்ல கெடக்கறதெல்லாம் பழசுப்பா. புதுசாக் கொண்டாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மணலில் வெறும் கூடுகள் நிறையக் கிடந்தன. அரியமுத்து அவற்றைத் தொடவில்லை. அவன் ஊர்க் கணக்கு வேறு. உள்ளே கல் அடைத்து, கையில் எடுத்தால் கனமாக இருப்பதுதான் முழுச் சங்கு. லேசாக இருந்தால் உடைசல். நல்லது எப்போதும் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், நெம்பித்தான் எடுக்க வேண்டும். அலை அடிக்கிற கருங்கல்களின் இடுக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தவற்றைச் சாவியால் நெம்பி நெம்பி எடுத்தான். நல்ல கனம். வாயில் மூடி போட்ட மாதிரிகூட இருந்தது. தமிழ்மாறனும் வந்து பார்த்து, இது சரியான சரக்கு என்று ஏழெட்டை நெம்பிக் கொடுத்தான். இருபத்தெட்டுச் சங்கு சேர்ந்தது. உடையாமல் இருக்கட்டும் என்று அரியமுத்து அவற்றைத் தன் கைலியில் சுற்றி, துணிப்பையில் மாற்றுச் சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தான்.

எல்லாம் மாறியது ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான், ஏன் மாறியது என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

காலையில் பையிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மீன்குழம்பு சாப்பிடப் போனான். தமிழ்மாறன் முதல் வாயில் கண்ணை மூடினான், ஆனால் உடனே திறந்து அரியமுத்துவின் பக்கம் திரும்பினான். அறிவுச்செல்வன் இரண்டு இட்லியோடு இலையை மடித்தான். எட்டு இட்லிக்குக் குறையாத மனுஷன். யாரும் ஒன்றும் சொல்லாததால் அரியமுத்துவுக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாசனையே ஆளைத் தூக்குதுடா என்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டோமோ என்று நினைத்தான். ஒருவேளை குழம்பு ஊசிப்போயிருந்து, தான் அதைப் புகழ்ந்துவிட்டோமோ. பக்கத்து மேஜைக்காரர் அதே குழம்பை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் குழம்பில் கோளாறில்லை. பிறகு எதில்தான் கோளாறு?

அன்றைக்கு முழுக்கக் கடற்கரையில் அவனைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து உட்கார வைத்தார்கள். கால் வலிக்கிறதா என்று நாலு தடவை கேட்டார்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று இரண்டு தடவை நெற்றியைத் தொட்டார்கள். அப்படித் தொடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இளநீர் வாங்கி வந்தான் தமிழ்மாறன். கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தான். இரண்டு பேரும் காருக்குப் பின்னால் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். அரியமுத்து எழுந்து வருவதைப் பார்த்ததும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அறிவுச்செல்வனுக்குக் கிரிக்கெட்டில் யார் எந்தப் பக்கம் ஆடுகிறார்கள் என்றே தெரியாது.

அவர்கள் தங்கியிருந்த அறையில் மூன்று ஊதுபத்தி எரிந்தது. எதற்கு என்று கேட்டால், சாமி கும்பிட என்றான் கோயில் பெயரே இல்லாமல் திட்டம் போட்டவன். அரியமுத்து குளித்தான். பையிலிருந்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அறிவுச்செல்வன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. அன்பாகவும் இருக்கிறார்கள், கிட்டவும் வரமாட்டேன் என்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அரியமுத்துவுக்குத் தலை சுற்றியது. தன்னோடு சலித்துப்போய்விட்டது, நேரே சொல்ல மனசு வரவில்லை, இதுதான் கடைசிப் பயணம் என்று முடிவுக்கு வந்தான்.

திங்கட்கிழமை காலை கார்க் கண்ணாடி நாலும் இறங்கியிருந்தன. பையைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான் அரியமுத்து. மாயவரம் வந்தது, பூரிக்கடை வாசலில் கூட்டம் தெரிந்தது, கார் நிற்கவில்லை. பூரிடா என்றான். தமிழ்மாறன் வேகத்தைக் கூட்டினான். கும்பகோணமும் வந்தது. டிகிரி காப்பிக் கடையையும் அதே வேகத்தில் தாண்டினான். பசியோடு ஒரு பலகாரக் கடையைத் தாண்டிப் போகிற தமிழ்மாறனை அரியமுத்து முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. கூடச் சேர்ந்து சாப்பிடக்கூட இவர்களுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டான். அணைக்கரைப் பாலம் போனது, மீன்சுருட்டி போனது. ஜெயங்கொண்டத்தில் தமிழ்மாறன் தன் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரியலூருக்குள் நுழைந்து ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் கார் நின்றது.

“எறங்குடா” என்றான் தமிழ்மாறன்.

“யாருக்கு என்னடா?”

அறிவுச்செல்வன் பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தான். பாடம் நடத்துகிற குரல் அவனுக்கு வரவில்லை. “மாப்ள, ஒங்கப்பாவுக்கு வந்த அதே வாடைடா. ரெண்டு நாளா அடிக்குது. ஒன் காலுலேர்ந்துதான்” என்றான்.

அரியமுத்துவின் அப்பா கண்ணையன் சர்க்கரைப் புண்ணில் கால் அழுகித்தான் போனார். கடைசிப் பதினேழு நாளும் ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான். அரியமுத்து குனிந்து காலைப் பார்த்தான். கால் தன்னுடையதுதான், வலியும் அவ்வளவாக இல்லை. ஆனால் அப்பாவுக்கும் வலி தெரியாமல்தான் இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் பிடித்த பிடியில் உள்ளே போனான்.

வளர்மதி என்கிற நர்ஸம்மா கட்டைப் பிரித்தார். விரல் நன்றாக இருந்தது. நகத்துக்கு மேலே ஒரு கீறல், அதுவும் காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. நர்ஸம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மூக்கைச் சுளித்துக்கொண்டு அங்கும் இங்கும் திரும்பினார். “காலு நல்லாத்தாங்க இருக்கு. அந்தப் பையில என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

பையைத் திறந்ததும் அறிவுச்செல்வன் வாசலுக்கு ஓடினான். கைலியைப் பிரித்தால், சங்கு மூடிகள் விலகி உள்ளேயிருந்து ஏதோ கறுப்பாக வழிந்து கிடந்தது. நர்ஸம்மா நாகப்பட்டினத்துக்காரர். உயிரோடு இருந்த நத்தையைக் கல்லிலிருந்து பிய்த்து எடுத்து வந்திருக்கிறீர்களே, வெறும் கூடு கரையில் கிடக்குமே என்று கேட்டார். இவர்கள் என்னத்தைச் சொல்வார்கள்? பிறந்ததிலிருந்து இவர்கள் பார்த்த சங்கெல்லாம் கல். அதற்குள் உயிர் இருக்கும் என்று வாத்தியாருக்கே தோன்றவில்லை. கொல்லையில் மண்ணைத் தோண்டிப் புதைத்து வையுங்கள், எறும்பு சுத்தம் பண்ணிவிடும், கூட்டை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா ஜன்னலைத் திறக்கப் போனார். இருபத்தெட்டு உயிர் என்று அரியமுத்துவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

தமிழ்மாறன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவன், பாதியில் நிறுத்தினான்.

“ஒன் காலடியிலதானேடா இருந்திச்சு. ஒனக்குத் தெரியலயா?”

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. சளி என்று சொல்லியிருக்கலாம். காலே போய்விட்டதென்று பயந்து பூரியைத் தாண்டி வண்டி ஓட்டியவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“எனக்கு மூக்கு போயி நாலு வருசமாச்சுடா” என்றான் அரியமுத்து.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டல். பதினொரு மணிக்கு மிஞ்சியிருந்தது பொங்கல் மட்டும்தான். மூன்று தட்டு வந்தது. இதோ போயிற்று எல்லாம் என்று அரியமுத்து தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அப்ப கும்மோணத்துல சோம்பு தூக்கல்னியே?” என்றான் தமிழ்மாறன்.

“நீ சொன்ன. நானும் சொன்னேன்.”

“மாசா மாசம் எதுக்குடா வந்த?”

“நீங்க ரெண்டு பேரும் சாப்புடறதப் பாத்தா சாப்புட்ட மாதிரி இருக்கும்” என்றான் அரியமுத்து.

தமிழ்மாறன் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு வாய் எடுத்துப் போட்டு, வழக்கத்தைவிட நிதானமாக மென்றான். “நெய்யி இல்ல, டால்டா. மொளவு பழசு. இஞ்சிய நறுக்காம தட்டிப் போட்டுருக்கான். கருவேப்பில மட்டும் இன்னிக்குப் பறிச்சது” என்று சொல்லி, தட்டை அவனிடம் தள்ளினான். பிறகு அறிவுச்செல்வனைப் பார்த்து, அடுத்த மாசத்திலிருந்து இவனுக்கு நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லணும், வாத்தியார் நீ விவரமாச் சொல்லு என்றான். அரியமுத்து ஒரு வாய் அள்ளினான். உப்புதான் தெரிந்தது. கருவேப்பிலையை ஒதுக்காமல் மென்று விழுங்கினான்.

அப்போது போன் அடித்தது. கவிதா. எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்டாள். அரியலூருக்கு வந்தாச்சு என்றான். நல்லாச் சாப்பிட்டீங்களா, மாயவரத்துப் பூரி எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லாருந்திச்சு என்கிற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியல கவிதா” என்றான். “வூட்டுக்கு வந்து சொல்றேன்.”