சிறுவாச்சூர் மத்தேயு ப்ரால்

வியன்னாவில் இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு காய்ச்சலில் செத்துப்போன மத்தேயு ப்ரால் என்ற இசையமைப்பாளருக்கு, இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் சிறுவாச்சூரில் பதினாறு நாள் தீட்டுக் காத்தார்கள். அந்தப் பதினாறு நாளும் பொன்னம்மாள் வீட்டார் யாரும் காளி கோயில் பக்கம் தலைகாட்டவில்லை. கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் ஹைவேயில் கார்கள் வரிசைகட்டி நின்றபோதும் அவர்கள் வீட்டுக் கதவு ஒருக்களித்தே கிடந்தது. கேட்டவர்களிடம் பொன்னம்மாள், "வூட்டுல சாவு" என்றாள். யாரென்று கேட்டவர்களிடம், "எம் புள்ள" என்றாள். அவளுக்கு ஆண்பிள்ளை கிடையாது, ஒரே ஒரு பெண்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் துக்க வீட்டில் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் ஊருக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் மாலையோடு வந்தார்கள். எதன்மேல் சாத்துவது என்று விளங்காமல் கூடத்தில் திறந்திருந்த லேப்டாப்பின் மேல் சாத்திவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரே பெண் சத்யப்பிரியா இசையியலாளர். பாட்டுக்காரி என்று ஊரில் நினைத்திருந்தார்கள்; அவள் ஒரு நாளும் வாய்விட்டுப் பாடியதில்லை. செத்துப்போனவர்கள் எழுதிவைத்த இசையைப் படித்து, எது அவர்கள் எழுதியது, எது பிறகு வந்தவன் சேர்த்தது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. ஹைவே ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த செல்லக்கண்ணுவின் மகள், பெரம்பலூரில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் வாசித்த பியானோவின் பின்னாலேயே போய், திருச்சியில் பரீட்சைகள் எழுதி, சென்னையில் எம்.ஏ. முடித்து, உதவித்தொகையில் வியன்னாவில் போய் நின்றாள். செல்லக்கண்ணு அதைப் பார்க்க இருக்கவில்லை. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய பெயர்களைக் கட்டி அழ ஆயிரம் பேர் இருந்தார்கள். அவள் யாரும் சீண்டாத ஒருவனை எடுத்துக்கொண்டாள். ஒரு மடத்தின் சரக்கறையில், மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்த அவனுடைய தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தாளுக்குள் பதிந்த நீர்க்குறி பார்த்து, மையின் நிறம் பார்த்து, வருடக் கணக்கில் ஒழுங்குபடுத்தினாள். அவன் இடதுகைக்காரன், தாளை மிச்சம் பிடிக்கிறவன், எழுதியதை அடித்தால் ஒரே கோட்டில் அடிக்கிறவன் என்பதெல்லாம் கட்டிய கணவன் ஜெயப்பிரகாஷின் பழக்கவழக்கங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று தொகுதிகள் அச்சாகி, ஐரோப்பாவில் அங்கங்கே ப்ராலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். கடைசித் தொகுதி வந்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் வேலை நிரந்தரம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவளைக் கொரோனா ஊரடங்கு பிடித்து நிறுத்திக்கொண்டதால், அந்தத் தொகுதியைச் சிறுவாச்சூர்க் கூடத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் பகலில், கடலை உடைத்துக்கொண்டிருந்த பொன்னம்மாள், மகள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த வயலின் சத்தம் யாருடையது என்று விசாரித்தாள். சத்யப்பிரியா சொன்னாள். முப்பத்துநாலு வயதில் போனான், கல்யாணம் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, பனிக்காலம், வண்டிக்காரன் கொண்டுபோய் அனாதைக் குழியில் இறக்கினான், மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள்.

"அழுவ ஒரு ஆளு கூடவா இல்ல?"

"இல்லம்மா. வண்டிக்குப் பின்னாடி யாருமே போவல."

பொன்னம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அழாமல் ஒரு சாவைக் கடந்துபோனது அவள் சரித்திரத்தில் இல்லை. ஆகாதவர்கள் வீட்டுச் சாவுக்கும் போய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புகிறவள். ஒப்பாரிக்கு முறை வேண்டும். அண்ணனா, தம்பியா, மாமனா என்று முறை சொல்லாமல் அவளுக்கு அழுகை வராது. முப்பத்துநாலு வயதுக்காரனை அறுபது வயதுக்காரி வேறு என்ன முறை சொல்லி அழைப்பாள்? கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து எடுத்தாள்:

"பனி பேயுற சீமையில
படுத்தியே நான் பெத்த மவனே,
பாடை தூக்க ஆளில்லாம
போனியே நான் பெத்த மவனே."

ஊரில் எத்தனையோ சாவில் அவள் இப்படி அழுதிருக்கிறாள். அங்கெல்லாம் பெற்றவளோ பெண்டாட்டியோ முதலில் அழுது முடித்திருந்தார்கள். முதல் அழுகை யாருடையதோ, பிணம் அவர்கள் வீட்டைச் சேர்ந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ப்ராலுக்கு அதுதான் முதல் அழுகை. அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது லேப்டாப்பில் பாட்டு நின்றிருந்தது. நின்றிருந்தது என்று சொல்ல முடியாது. நேரம் காட்டும் எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

சத்யப்பிரியா முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டாள், பிறகு கரண்டை. வேறு யாருடைய இசையைப் போட்டாலும் கேட்டது. மறுநாள் வியன்னாவிலிருந்து அவளுடைய பேராசிரியர் வீடியோவில் வந்தார், முகம் வெளுத்திருந்தது. ஒத்திகையில் நான்கு பேர் ப்ராலை வாசித்தார்களாம். வில் நரம்பில் போய் வந்ததாம். நாற்காலி முனகியதும் அவர்கள் மூச்சுவிட்டதும் கேட்டதாம். அந்த நான்கு பேரில் ஒரு பெண் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று போய்விட்டாளாம். அந்த வாரத்துக்குள் உலகத்தில் எங்கேயும் ப்ரால் கேட்கவில்லை. தாளில் படித்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாலும் சத்யப்பிரியாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. போன வருடம் ஒரு விருந்தில் நன்றாகச் சாப்பிட்டோம் என்று ஞாபகம் இருக்குமே, அந்த அளவில்தான் அவளிடம் அது மிச்சம் இருந்தது. தன் வாழ்க்கையை யாரோ உருவிக்கொண்டு போனதாக அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

"என்னம்மா பண்ணுன அவர?" என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றாள்.

"நான் என்னத்தடி பண்ணுனேன்? இத்தன வருசமா வூடு இல்லாம அந்த சத்தத்துக்குள்ள குடியிருந்தான். இப்ப வூட்டுக்கு வந்துட்டான்."

வந்துதான் இருந்தான். கூடத்தின் கிழக்கு மூலையில் அடுத்து வந்த சித்திரை மாதத்திலும் குளிர் அடித்தது. தெரு நாய் வாசல்வரை வந்து, வாலை இடுக்கிக்கொண்டு திரும்பியது. அமாவாசைக்கு அவன் பேரில் போட்ட படையலைக் காக்கை தொடவில்லை. ஆள் நேரில் இருக்கும்போது தனக்கென்ன வேலை என்று நினைத்திருக்கும். பொன்னம்மாள் அந்த மூலையில் ஒரு தட்டு வைத்தாள். சோறு குறையாது, ஆனால் ஆறிப் போவதற்குப் பதில் மேலே மெல்லிசாக உறைந்து கிடக்கும். ஜெயப்பிரகாஷ் அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிற இன்ஜினியர், எதையும் அளந்து பார்க்கிறவன். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் படுக்கையைப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

வியன்னாவில் பொறுத்துப் பார்த்தார்கள். கேட்காத இசைக்குப் பதிப்பு எதற்கு என்று கடைசியில் கேட்டார்கள், கேட்டதில் தப்பில்லை. மாதக் கடைசிவரை அவளுக்குத் தவணை கொடுத்தார்கள். சத்யப்பிரியா மறுபடி அம்மாவிடம் போனாள், இந்த முறை கெஞ்சுவதற்கு. பொன்னம்மாள் வழியைச் சொன்னாள். கட்டினவர்களும் பங்காளிகளும் உறவை அறுத்துக்கொள்ளும்போது செய்கிறதுதான். காளி முன்னால் நின்று ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, நீ எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவன் பழையபடி சத்தத்துக்குள் போய்விடுவான்.

"போயி கஷ்டப்படுவானா?"

"வூடு இல்லாதவன் எப்டி இருப்பான்? அப்டி இருப்பான்."

அந்தத் திங்கட்கிழமை கோயிலில் குழந்தை இலக்கியாவுக்குக் காது குத்தும் இருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று ஜெயப்பிரகாஷ் வீட்டில் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு, ஜாடைமாடையாகப் பேசிப் பேசி, கடைசியில் சத்யப்பிரியாவுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவரை முறை பாராமல் மாமனாக ஏற்பாடு செய்து கூட்டி வந்திருந்தார்கள். சத்யப்பிரியா கையில் வைக்கோல் துரும்போடு நின்றாள். குத்த வந்திருந்த ஆசாரி தர்மன் ஊசியைத் துடைத்துக்கொண்டு, "மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்றார். சித்தப்பா வேட்டியைச் சரிசெய்வதற்குள் பொன்னம்மாள், "மாமன் உக்காந்தாச்சு, புள்ளய எறக்குங்க" என்றாள். வெறும் மணைமேல் பிள்ளையை இறக்கினார்கள். பிள்ளை மணைவரை போகவில்லை. ஒரு சாண் உயரத்தில், மடியில் உட்காருவதுபோல் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரி கொஞ்சம் பார்த்தார். "மடி குளுந்து கெடக்குதுங்க" என்றுவிட்டு இரண்டு காதையும் குத்தினார். பிள்ளை அழவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, ஒன்றும் இல்லாத இடத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். சித்தப்பாவுக்குத்தான் வருத்தம், எடுத்து வந்த பட்டுப்பாவாடையை யார் பேரில் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தார்.

சத்யப்பிரியாவுக்குத் துரும்பைக் கிள்ளக் கை வரவில்லை. தூங்குகிற பிள்ளை தொப்பென்று விழுந்துவிடும் என்பதைச் சாக்காகச் சொல்லிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். தவணை முடிந்தது, வேலை போனது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகத் துடிக்கும் நர்சுப் பிள்ளைகளுக்குப் பெரம்பலூரில் ஒரு மாடியில் ஜெர்மன் வகுப்பு எடுத்தாள். வகுப்பு நன்றாகவே நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோயில் நடை திறக்கும் நேரத்தில் ஒரு துரும்பை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள். ஒரு துரும்பு, ஒரு சொல், அவ்வளவுதான்; அவளுடைய ப்ரால் திரும்பக் கேட்பான். அந்த ஆசையை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. மூலையில் குளிர் நாலு நாள் குறைவாக இருந்தால், கோபித்துக்கொண்டு போய்விட்டானோ என்று பயப்படுகிறவளும் அவள்தான்.

இருபத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில், களையெடுத்துவிட்டு வந்து படுத்த பொன்னம்மாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தாள். மதியத்துக்குள் பந்தல் போட்டாகிவிட்டது. நாவிதர் வந்து, கொள்ளி வைக்கிறவருக்குத் தலை மழிக்க வேண்டும், யார் என்று கேட்டார். மகன் இல்லாத வீடு, மருமகன் வைக்கலாம், பங்காளி மகன் வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பிறகு ஊர்ப் பெரியவர் சாமிதுரை சத்யப்பிரியாவைத் தனியாக அழைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லும்மா. ஒங்கூட்டு மூலையில இருக்குறவன் கொள்ளி வச்சுட்டா அவன் புள்ளதான். அதுக்கப்பறம் எந்தத் துரும்பக் கிள்ளியும் அறுக்க முடியாது."

அவள் பிணத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த நிமிடம் கூடத்து லேப்டாப்பில் ப்ரால் ஒலிப்பான், வியன்னாவில் பதிப்பு வரும், மூடிவைத்துவிட்டுப் போன அந்தப் பெண் வயலினைப் பெட்டியிலிருந்து எடுப்பாள். வருடக் கணக்கான உழைப்பு அது. அது எவ்வளவு அழகாக இருந்தது என்று எண்ணிப் பார்க்க முயன்றாள். முடியவில்லை, அழகாக இருந்தது என்று மட்டும் தெரிந்தது. பந்தலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொன்னம்மாளின் வலது கை மட்டும், யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல், விரல்கள் மடங்கி, மேலெல்லாம் பனித்து இருந்தது. சத்யப்பிரியா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எங்கண்ணன் இருக்காருங்க" என்றாள்.

நாவிதர் பலகையைப் போட்டார். வெறும் காற்றில் கத்தி ஓடிய இடத்தில், சோளத் தட்டை நிறத்தில் நீள நீளமாக மயிர் விழுந்தது. வழக்கமான கூலிதான் வாங்கிக்கொண்டார். சுடுகாட்டில் நீர்க்குடம் தோள் உயரத்துக்கு எழுந்து, மூன்று சுற்றிலும் சுற்றுக்கு ஒரு துளையாகக் கொத்து வாங்கிக்கொண்டு, இடது பக்கமாகச் சாய்ந்து ஒழுகியபடி சிதையைச் சுற்றி வந்தது. இடதுகைக்காரர் போலிருக்கிறது என்று சாமிதுரை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கொள்ளி வைத்தானது. அன்று சாயங்காலம் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில், மகள், மருமகன், பேத்தி பெயர்களுக்கு மேலே, முறைப்படி முதல் வரியில், மகன் மத்தேயு ப்ரால், வியன்னா என்று போட்டிருந்தார்கள். சத்யப்பிரியா எழுதிக்கொடுத்தது. கருமாதிவரை அது அங்கே இருந்தது.