ஒன்பதாம் நாள் நூடுல்ஸ்

சீனர்களின் சைவ விரதம் வந்தால் ஒன்பது நாளும் பாங்காக்கின் அந்தச் சந்தில் பாதி வண்டிகளில் மஞ்சள் கொடி பறக்கும். கொடி கட்டிய வண்டியில் கறி, மீன், முட்டை, பூண்டு எதுவும் கூடாது. இதிலெல்லாம் நூடுல்ஸ்காரி சம்லி பொல்லாதவள். இதற்கென்றே தனி வாணலி வைத்திருந்தாள். மீன் சாறு பாட்டில்களை வீட்டிலேயே பூட்டிவிட்டு வருவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு சொட்டுத் தவறியதில்லை.

தவறியது இந்த வருடம், கடைசி நாள் மத்தியானம். அலுவலகக் கூட்டம் வந்து மொய்த்த நேரம். பக்கத்தில் பப்பாளிக்காய் இடித்து விற்கிறவளுக்கு விரதமும் கிடையாது, சாமான் வைக்க இடமும் கிடையாது. தன் மீன் சாறு பாட்டிலைச் சம்லியின் வண்டியில் வைத்துத் தொலைத்துவிட்டாள். சம்லியின் கை சோயா சாறு என்று பார்க்காமலே அதை எடுத்து நூடுல்ஸில் இரண்டு சுற்று ஊற்றியது. வாடை வந்தது. பக்கத்துக் கடை வாடை என்று இருந்துவிட்டாள். அடுத்த தட்டுக்குக் கை நீட்டியபோதுதான் பாட்டிலைப் பார்த்தாள்.

அந்தத் தட்டு போனது தையல்கடை கிம்ஹுவேயிடம். மறுநாள் காலை அவள் புருஷனுக்கு இதய ஆபரேஷன். அவர் பிழைத்து வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வாயைக் கட்டியிருந்தாள். சம்லி திரும்பிப் பார்த்தபோது தட்டு காலி.

சொன்னால் அவள் விரதமும் போச்சு, தன் பேரும் போச்சு. சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளைக்கு அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சம்லி அடுப்பை அணைத்துவிட்டுக் கிம்ஹுவேயிடம் போனாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்; முணுமுணுக்கட்டும்.

"அக்கா, உங்க தட்டுல மீன் சாறு ஊத்திட்டேன். என் கையை வெட்டிப் போடணும்."

"மெதுவாப் பேசுடி. மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு."

"அய்யோ, தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"துப்பத்தான் நெனச்சேன். எட்டு நாளா நாக்கு செத்துக் கெடந்துச்சு, முழுங்கிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல." கிம்ஹுவே காலித் தட்டைத் தள்ளி வைத்தாள். "முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன்டி. ஒரு தட்டு நூடுல்ஸுக்கு விட்டுக் குடுத்துட்டேன்."

சம்லிக்கு நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியது. இறங்கியதற்காக வெட்கப்பட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு என்கூட வா," என்றாள் கிம்ஹுவே. "ஒம்பது நாளும் உன்கிட்டதான் சாப்பிட்டேன்னு அவருகிட்ட சொல்லு. அது பொய் இல்லையே? நீ சொன்னா நம்பிட்டு, தைரியமா உள்ளே போவாரு."

"சொல்றேன்க்கா," என்றாள் சம்லி.