ஐஸெலேயின் புதுக் காரை நான் பார்க்கவில்லை

மனித குல வரலாற்றின் நன்மையைக் கருதி இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு, ரெம்ஸ் பள்ளத்தாக்கில், ஆம்சல் தெரு ஒன்பதாம் இலக்க வீட்டின் கராஜ் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஃபோல்கர் ஐஸெலே அவர்களின் சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார் வெளியே வந்தது. வழக்கம்போல இடப்பக்கம் திரும்பியது. போய்விட்டது. வேறெதுவும் நடக்கவில்லை. குறிப்பாக, ஏழாம் இலக்க வீட்டில் வசிக்கும் நான் எதையும் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற நான் பதினைந்து வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் பார்த்தேன். குளியலறை ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. முதலில் சத்தம். ஐஸெலேயின் பழைய கார் காலையில் என்னைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கிளம்பும். இது செருமவில்லை. பிறகு இடுப்பு. பின்பக்கம் இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது. கதவுக் கைப்பிடிகள் உடம்போடு உடம்பாகப் பதிந்து கிடந்தன. பின்விளக்கு இரண்டாக இல்லாமல் ஒரே சிவப்புக் கோடாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது. அதே சாம்பல் நிறம். அதே நம்பர் பிளேட். ஆனால் கார் வேறு. பதினான்கு வருடப் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புது மாடலை வாங்கியிருந்தார். வாங்கியதை யாருக்கும் தெரியாமல் வாங்கியிருந்தார்.

எங்கள் பக்கத்துப் பணக்காரர்களின் வழக்கம் அது. காரின் பின்புறம் மாடலைச் சொல்லும் எழுத்துகள் இருக்குமே, ஆர்டர் கொடுக்கும்போதே அவற்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கார் மொட்டைப் பின்புறத்தோடு வந்து சேரும். காரைப் பார்த்துத் தொழிலாளி சம்பள உயர்வு கேட்கக்கூடாது, வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்கக்கூடாது, பாதிரியார் சர்ச் கூரைக்கு நிதி கேட்கக்கூடாது. ஐஸெலே கழிவறை மூடிக்குக் கீல் செய்கிறவர். கையை எடுத்துவிட்டாலும் மூடி சத்தமில்லாமல் மெல்ல இறங்குமே, அந்தக் கீல். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பாதி ஐரோப்பா அவர் தயவில் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. அவரும் தன் பணத்தை அப்படித்தான் மூடி வைத்திருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் லத்தீன் வாத்தியார். டீசல் ஸ்டேஷன் வேகன் ஓட்டுகிறேன். பின் சீட்டில் நாய் முடி, நாய் செத்து மூன்று வருடமாகிறது.

பழைய காரின் மேல் எனக்குப் பொறாமை இல்லாமலில்லை. ஆனால் பதினான்கு வருடத்தில் அது முட்டி வலி மாதிரி பழகிப் போயிருந்தது. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதுவும் காருக்கு வயதாக வயதாகக் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஆறு வருடம் பொறுத்திருந்தால் அவர் மேல் பரிதாபம்கூடப் பட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டார்.

அன்று காலையே முடிவு செய்தேன். நான் இதைப் பார்க்கப் போவதில்லை. அவர் வாயால் சொல்லமாட்டார்; எழுத்தையே கழற்றியவர் எப்படிச் சொல்வார்? யாராவது தானாகக் கண்டுபிடித்து, வாயைப் பிளந்து, “அடடா, என்ன முதலாளி இது” என்று கேட்டால்தான் அந்தக் காருக்குப் போட்ட காசு அவருக்குச் செரிக்கும். அந்த ‘அடடா’ என்னிடம் இருந்தது. கொடுப்பதாக இல்லை.

“சொல்லித் தொலைச்சா என்ன?” என்றாள் என் மனைவி பியாட்டே. “மனுஷன் சந்தோஷப்படுவான்.”

“அதான் சொல்லலை.”

சனிக்கிழமை அவரவர் வீட்டு முன் நடைபாதையைப் பெருக்கும் நேரம். ஐஸெலே காரை கராஜுக்குள் விடாமல், பின்விளக்கு என் வீட்டைப் பார்க்கும்படி சாலையோரம் நிறுத்தியிருந்தார். காரைச் சுற்றியே பெருக்கினார். அந்த இடத்தில் தூசி என்று ஒன்று இருந்தால் அது வெட்கப்பட்டுச் செத்திருக்கும்.

“என்ன வாத்தியாரே, வெயில் நல்லா அடிக்குது.”

“ஆமா முதலாளி.”

“இந்த வெயில்ல சாம்பல் கலரே வேற மாதிரி தெரியுது, பாத்தீங்களா?”

நான் துடைப்பத்தில் சாய்ந்து நின்று, காரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தேன். அவர் பெருக்குவதை நிறுத்தினார்.

“கழுவினீங்களா?” என்றேன்.

“கழுவினேன்,” என்று மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

உள்ளே வந்து இரண்டு கேக் துண்டு சாப்பிட்டேன். நீண்ட நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

வெற்றி என்று சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையில் என் நிலைமை என்ன? பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள் முப்பத்தொன்று திருத்தாமல் கிடக்க, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் நான் அதே காரை எனக்காக அமைத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்கு எந்த டிசைன், தோல் சீட்டுக்கு எந்த நிறத் தையல். தையலுக்கு மட்டும் ஒரு மணி நேரம். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பது என் கல்யாணத் தேதியைவிட நன்றாக மனப்பாடம். ஒரு நாள் டீலரின் பழைய கார்ப் பக்கத்தில் ஐஸெலே மாற்றிக் கொடுத்த காரையே கண்டுபிடித்தேன். ‘ஒரே உரிமையாளர். புகைபிடிக்காதவர். அன்பாகப் பராமரிக்கப்பட்டது.’ விலையைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று கழித்துக் கட்டியதைக்கூட என்னால் வாங்க முடியாது. அன்று பியாட்டே சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு மழை பெய்தது. ரொட்டி வாங்கக் குடையோடு கிளம்பினேன். சாம்பல் நிறம் பக்கத்தில் வந்து நின்றது.

“ஏறுங்க வாத்தியாரே. நானும் பேக்கரிக்குத்தான்.”

பேக்கரி முந்நூறு மீட்டர் தூரம். அவர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மலை மேல் ஏறும் சாலையில் திரும்பினார்.

“வழி இது இல்லையே,” என்றேன்.

“பக்கத்து ஊர்ல ரொட்டி நல்லா இருக்கும்.”

சீட் என்னைப் பெற்ற தாயைப் போல வாங்கிக்கொண்டது. அடியிலிருந்து சூடு ஏறியது. எதிரே கண்ணாடி முழுக்க ஏதேதோ ஒளிர்ந்தது. மாவட்ட மருத்துவமனையில்கூட அவ்வளவு திரை கிடையாது. வளைவு தாண்டி நேர்ச்சாலை வந்ததும் ஐஸெலே என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மிதித்தார். என் உடம்பு முன்னால் போனது, வயிறு வளைவிலேயே நின்றுவிட்டது. வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒன்று எனக்கு நடந்ததில்லை. அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

“எப்படி?” என்றார்.

“பதினாலு வருஷமாகியும் இழுவை குறையலையே முதலாளி. நல்லாதான் வச்சிருக்கீங்க.”

அவர் காலை எடுத்துவிட்டார். கார் தானாக மெதுவானது. பக்கத்து ஊரில் பேக்கரி மூடியிருந்தது.

அதற்குப் பிறகு மனிதர் இளைத்துப் போனார். தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்து ஊரார் கடிதம் எல்லாம் உறையோடு படித்த க்யூப்லர் அம்மாவிடம், தெருமுனையில் காரைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா, “எனக்கு சைக்கிளே சரியா தெரியாது முதலாளி,” என்று சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது. எனக்கு அந்தம்மா மேல் மரியாதை வந்தது.

ஜூன் கடைசியில் தெருவிழா. சாலையில் நீள மேஜை போட்டு, உருளைக்கிழங்கு சாலட், சுட்ட இறைச்சி, ஊர்ச் சிவப்பு ஒயின். நான் இரண்டாவது கால் லிட்டர் கிளாஸில் இருந்தேன். ஐஸெலே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலட்டை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

“வாத்தியாரே, உங்க கண்ணு எப்படி இருக்கு?”

“படிக்க மட்டும் கண்ணாடி. ஏன்?”

“ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் காரை மாத்தினேன்.”

“எந்தக் காரை?”

“என் காரை. மார்ச்லயே. யார் கண்ணும் படக்கூடாதுன்னு அதே கலர், அதே நம்பர் கேட்டு வாங்கினேன்.” முள்கரண்டியைக் கீழே வைத்தார். “யார் கண்ணும் படலை.”

இந்தக் கணத்துக்காகத்தான் பதினைந்து வாரம் காத்திருந்தேன். புருவத்தை உயர்த்தினேன், அவ்வளவாக இல்லை, அரை சென்டிமீட்டர். “அப்படியா. வித்தியாசம் தெரியலையே.”

“தெரியாதுதான். அதான் அதைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு பண்ணிட்டேன்.”

என் நெஞ்சுக்குள் ஆலய மணி அடித்தது. ஒரு மனிதனின் ஸ்போர்ட்ஸ் காரை வெறும் மௌனத்தால் பிடுங்கியிருக்கிறேன். இதை லத்தீனில் கல்லில் வெட்டி வைக்கலாம்.

“நல்ல முடிவு முதலாளி,” என்று தோளைத் தட்டினேன். “நம்ம வயசுக்கு எதுக்கு அதெல்லாம். அடக்கமா ஒரு சின்ன வண்டி...”

“இல்லை இல்லை. அதுக்கு மேல இருக்கிற மாடல். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன். மஞ்சள். பின்னால பெரிய இறக்கை. எழுத்தும் இருக்கட்டும்னு சொல்லிட்டேன், எல்லா எழுத்தும். இதாவது உங்க கண்ணுக்குத் தெரியும்ல?”

ஒயின் கிளாஸை நான் கீழே வைத்தேனா, அது தானாக விழுந்ததா என்று பியாட்டே இன்றும் வாதாடுகிறாள்.

“எனக்குத் தெரியும்,” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “பதினொண்ணாம் தேதி செவ்வாய்க்கிழமை, ஆறு அம்பத்திரண்டு. இடுப்பு ரெண்டு விரல் அகலம். கைப்பிடி உள்ள போயிருச்சு. விளக்கு ஒரே கோடு. சீட் தையல் கருஞ்சிவப்பு, நானா இருந்தா சாம்பல் போட்டிருப்பேன். எல்லாம் பாத்தேன் முதலாளி. தினமும் பாத்தேன். பல் தேய்க்கிற நேரத்தையே உங்களுக்காக மாத்தினேன். தயவுசெஞ்சு அந்த ஆர்டரை ரத்து பண்ணுங்க.”

எதிரே க்யூப்லர் அம்மா இறைச்சியை நிதானமாக வெட்டிக்கொண்டே சொன்னார்:

“இதுல என்ன இருக்கு. தெரு முழுக்கத் தெரியும். நாங்க யாரும் சொல்றதில்லைன்னு இருந்தோம். நீங்கதான் வாய் விட்டுட்டீங்க வாத்தியாரே.”

மேஜையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். தலைகள் குனிந்து சாலட்டைப் பார்த்தன. இத்தனை நாள் நான் மட்டும் தனியாக எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். தெருவில் இருபத்திரண்டு வீடு. இருபத்தொரு குளியலறை ஜன்னல்.

ஐஸெலேயின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அவர் கீலைப் போலவே, சத்தமே இல்லாமல். எழுந்து எல்லோருக்கும் ஒயின் ஊற்றினார். என் கிளாஸில் மட்டும் விளிம்புவரை ஊற்றினார்.

“ரத்து?” என்றேன்.

“கையெழுத்துப் போட்டாச்சே வாத்தியாரே,” என்றார் அன்பாக.

மஞ்சள் கார் அக்டோபரில் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.